மூச்சுச் சத்தம் இல்லாத தோட்டம்

1

இந்தக் கதை, நான் எழுதி அனுப்பாமல் அழித்த ஒரு பின்னூட்டத்திலிருந்து பிறந்தது. என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இணையத்தில் மாடித்தோட்டக் காணொளிகள் போடுகிறார். 'செலவும் இல்லை, சிரமமும் இல்லை' என்பது தலைப்பு. பார்ப்பதற்கு ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. அன்றைக்குப் போட்ட காணொளியில் ஒரு தக்காளிச் செடியைத் தடவிக்கொடுத்தபடி, "ஒரு சொட்டு வியர்வை சிந்தாம வளர்த்தது" என்றார். 'யாருடைய வியர்வை?' என்று கீழே தட்டினேன். பிறகு அழித்தேன். அனுப்பியிருந்தால் அக்கா வீட்டில் சண்டை வந்திருக்கும். அதனால் கதையாக எழுதுகிறேன். அத்தான் கதை படிக்கிற ஆளில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபத்தில் இருக்கிறேன். கோபத்தோடு எழுதினால் கதை கெட்டுவிடும் என்பார்கள். கெடட்டும்.

2

முதல் தொடக்கம்: 'காலை வெயில் மாடியில் இறங்கியபோது செடிகள் புன்னகை—'

செடி புன்னகைக்காது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: 'பொறுமையே உருவான அவள்—'

சீ. [அக்காவைப் பொறுமைசாலி என்று எழுதினால் அது அத்தானுக்கு நான் செய்கிற உதவி.]

மூன்றாவது தொடக்கத்தை அத்தானின் குறிப்புகளிலிருந்தே எடுக்கிறேன். குறிப்புகளில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அக்காவுடையவை. தொட்டி வாங்காதீர்கள், பழைய பெயின்ட் வாளியின் அடியில் நாலு ஓட்டை போட்டால் போதும். விதை வாங்காதீர்கள், நன்றாகப் பழுத்த தக்காளியைப் பிழிந்து விதையைக் கழுவி நிழலில் காயவையுங்கள். சமையலுக்கு வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை மண்ணில் குத்திவையுங்கள். உரமும் வாங்காதீர்கள். காய்த்தோலையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதங்களில் உரமாகிவிடும். செடியின் காலடியில் சருகைப் பரப்பினால் ஈரம் சீக்கிரம் காயாது. தண்ணீருக்கும் செலவு வேண்டாம், காய் கழுவிய தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் போதும்.

அத்தனையும் உண்மை. ஆனால் யாராவது ஓட்டை போட வேண்டும், பிழிய வேண்டும், கழுவ வேண்டும், கிளற வேண்டும். அந்த ஆள் காணொளியில் இல்லை.

* அடிக்குறிப்பு: சமையலறை தரைத்தளத்தில் இருக்கிறது. தோட்டம் மூன்றாவது மாடிக்கும் மேலே மொட்டைமாடியில். லிஃப்ட் கிடையாது. காய் கழுவிய தண்ணீர் தக்காளிச் செடிக்குப் போய்ச் சேருவது அக்காவின் முழங்கால் வழியாக. அது தேய்ந்துபோன முழங்கால். இனி எடை தூக்கிக்கொண்டு படியேறினால் அறுவை சிகிச்சையில்தான் போய் நிற்கும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

3

இங்கே எனக்கு ஒரு பாத்திரச் சிக்கல். அக்காவுக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது. மேலே உள்ள இரண்டு பகுதிகளையும் தொலைபேசியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. மிளகாய விட்டுட்டியே?" என்றாள்.

"மிளகாய்தான் இப்போ முக்கியமாக்கா?"

"இந்தத் தடவ அதுதான்டி நல்லா வந்திருக்கு."

"உனக்குக் கோபமே வராதா?"

"ஏன் வராது? வந்தா மாடிக்குப் போயிருவேன்."

"வாளியோடயா?"

"போறதுதான் போறோம், வெறுங்கையோட எதுக்கு ஏறணும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். இப்படிப்பட்ட ஒருத்தியை வைத்துக்கொண்டு என்னத்தைக் கதை எழுதுவது? அவளுக்குப் பதிலாக, தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டு உடைக்கும் ஒரு மனைவியை உருவாக்கிப் பார்த்தேன். நன்றாகவே வந்தாள். வாசகர்கள் நம்பியும் இருப்பார்கள். நான்தான் நம்பவில்லை. தொட்டிக்குள் இருப்பது தன் கையால் நட்ட செடி என்றால் எவளும் அதைத் தூக்கிப்போட மாட்டாள்.

4

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது, கையோடு நீளமான ரப்பர் குழாய் ஒன்றை வாங்கிப் போனேன். வீட்டுக்கான தண்ணீர்த் தொட்டி மொட்டைமாடியில்தான் இருக்கிறது, ஆனால் மேலேயே தண்ணீர் பிடிக்க அதில் வழி கிடையாது. அதில் ஒரு பைப் வைத்து இந்தக் குழாயை மாட்டிவிட்டால் அக்கா வாளியைத் தொடவே வேண்டாம். தோட்டவேலையை எளிதாக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. அக்கா அந்தக் குழாயை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிளம்பரிடமும் பேசிவிட்டாள்.

அத்தான் பார்த்தார். "புதுக் குழாய் வீடியோல தெரிஞ்சா என் மானம் என்னத்துக்கு ஆகறது? செலவில்லாத தோட்டம்னு அத்தன பேர் நம்பிட்டிருக்காங்க" என்றார். பிளம்பரை வரவேண்டாம் என்று சொன்னதும் அவர்தான்.

அன்று மாலை ஒரு காணொளி எடுத்தார்கள். எடுப்பதும் அக்காதான். தண்ணீரை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மறுநாள் அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'தோட்டம் அருமை. பின்னாடி யாரோ மூச்சு வாங்கற சத்தம்தான் தொந்தரவா இருக்கு. நல்ல மைக் வாங்குங்க சார்.'

அத்தான் அதை எங்கள் இருவருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, "எடுக்கற நேரத்துல கொஞ்சம் மூச்ச அடக்கிக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

இந்த வசனத்தை நானாக யோசித்து எழுதியிருந்தால், ரொம்ப மிகை என்று நானே வெட்டியிருப்பேன். நான் யோசிக்கவில்லை. அவர் சொன்னார், கையில் காப்பித் தம்ளரோடு.

அதற்கப்புறம் நான் வாங்கித் தந்த குழாயைக் கடையில் திருப்பிக் கொடுத்து, மேலே கொஞ்சம் காசு போட்டு, சட்டைக் காலரில் மாட்டுகிற மைக் ஒன்றை வாங்கி வந்தார். பக்கத்தில் பேசுகிறவர் குரலை மட்டும்தான் அது எடுக்குமாம். இப்போதெல்லாம் காணொளியில் அக்காவின் மூச்சு கேட்பதில்லை. குருவிச் சத்தம் கேட்கிறது. அதை அவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திட்டி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நல்ல பக்கம், வருத்தமாகத்தான் இருக்கிறது.]

5

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில், அக்கா அந்த மைக்கை வாளித் தண்ணீரில் முக்குகிறாள். "மைக் என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

இரண்டாவதில், அத்தான் ஒருநாள் தானே வாளியைத் தூக்குகிறார், பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறார், மனம் திருந்துகிறார். அக்கா சிரித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. அக்கா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துகிறாள். தோட்டம் காய்ந்து கருகுகிறது. யாருடைய தோட்டம் அது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

இதற்கு அவள் சிரிக்கவில்லை.

"உன் கதை நல்லா முடியணும்னா என் செடி சாகணுமா?"

"இல்லக்கா, அவருக்கு உறைக்கணும்னா—"

"அவரு என் செடிய வச்சுப் படம் காட்டறாரு. நீ என்னை வச்சுக் கதை எழுதற. தண்ணி தூக்க மட்டும் ஒருத்தரயும் காணோம்."

எனக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்ற, "வேற குழாய் வாங்கிட்டு வரவா?" என்றேன்.

"வேணாம் தாயே. இன்னொரு மைக் வந்துரும்."

6

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லை. நான் ஐந்தாவதை எழுதி முடிக்கும்போது அக்காவே கூப்பிட்டாள். நாளைக் காலையில் ஒரு தொலைக்காட்சியிலிருந்து ஆட்கள் தோட்டத்தைப் படம்பிடிக்க வருகிறார்களாம்.

"முட்டி வீங்கிப்போச்சு. ரெண்டு வாளியையும் ரொப்பிப் படிக்குக் கீழ வச்சிருவேன். தூக்க மாட்டேன். அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சாரு. நீ தூக்குவன்னாரு."

"தூக்குவியா?"

"இந்த வெயில்ல மத்தியானத்துக்குள்ள தண்ணி போகலைன்னா எல்லாம் தலய தொங்கப் போட்டுரும்டி" என்றாள்.

நான் கேட்டதற்கு இது பதில் இல்லை. அத்தானுக்குப் பதில் தெரியும். அவள் செடியைச் சாகவிட மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் சிரித்திருக்கிறார்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. தூக்கினாள் என்று எழுதினால் முழங்கால் போய்விடும். தூக்கவில்லை என்று எழுதினால் செடிகள் போய்விடும். இரண்டில் எதையும் என் கையால் செய்ய மாட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கிறேன். கீழே இருக்கிற இரண்டு வாளிகளில் ஒன்று என்னுடையது.

இன்னொன்று உங்களுடையது. அக்காவின் செலவில்லாத குறிப்புகளையெல்லாம் சும்மாவே படித்துக்கொண்டீர்கள்தானே? வாருங்கள். கைப்பிடியில் அக்கா பழைய துணி சுற்றி வைத்திருக்கிறாள், விரலை அறுக்காது. காணொளியில் வராத குறிப்பு அது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைமாற்றிக்கொள்ளுங்கள், அங்கேதான் அவளும் மாற்றுவாள். அவசரம் வேண்டாம்.

மேலே போனதும் முதலில் மிளகாய்க்கு ஊற்றுங்கள். அப்புறம் நேராக அத்தானிடம் போங்கள். மைக் மாட்டிய அந்தச் சட்டைக் காலருக்குக் கிட்டே நின்று, மூச்சு வாங்குங்கள். அடக்காதீர்கள்.