பத்தொன்பது பேரைக் கூட்டிவந்தவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கட்டுகஸ்தோட்டையில் பெரியப்பா கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சொந்தக்காரர் எல்லோரும் பந்தியில் இருக்கும்போது பெரியப்பா கேட்டார்.

"தம்பி இன்னும் அந்த அச்சகத்துலதான் பிழை திருத்துறீங்களோ? மாசம் என்ன கெடைக்குது?"

சொன்னேன். பந்தி முழுவதும் சிரிப்பு ஓடியது.

"ஒங்க வயசுல நம்ம காளிமுத்துப் பாட்டன் இந்தியாவுலேருந்து பத்தொன்பது பேரக் கூட்டியாந்து கங்காணி ஆயிட்டாரு. நடந்தே வந்தாரு. அந்த ரத்தம் எங்க போச்சு?"

காளிமுத்து எங்கள் குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். இந்த மலைகளுக்குத் தேயிலை வருவதற்கு முன்னால், கோப்பிக் காலத்தில், ஹந்தானைத் தோட்டத்தில் வேலை செய்தவர். பெரியப்பாவிடம் பரீட்சையில் தவறியவனுக்கும் இந்தப் பேச்சுத்தான், கடை வைத்து நட்டப்பட்டவனுக்கும் இந்தப் பேச்சுத்தான்.

கை கழுவும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "பன்னண்டு பேருதான் வந்து சேந்தாங்க," என்றார் மெதுவாக. "வராதவங்கள்ல ஒருத்தி அவரு கூடப்பொறந்த தங்கச்சி. பெரியப்பாகிட்ட கேட்டுறாத."

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டுவது.

2

முதல் தொடக்கம்: "ஹந்தானை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கோப்பிப் பூவின் மணம் காற்றில்..."

வேண்டாம். அந்த மணத்தை முகர அங்கே யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

இரண்டாவது: "காளிமுத்து பேராசைக்காரன்."

இதுவும் வேண்டாம். பெரியப்பாவைப் பழிவாங்க எழுதியது.

மூன்றாவது நிற்கும் என்று நினைக்கிறேன்: காளிமுத்து கோப்பிக்கொட்டை காயப்போடும் களத்தில் வேலை செய்தான். வெயில் வந்தால் பரப்புவான், மழை இருட்டினால் வாரிக் குவிப்பான். அந்த வேலை அவனுக்குப் போதுமாக இருந்தது. அவனுடைய வீட்டாருக்குத்தான் போதவில்லை.

[பெரியப்பா 'அவர்' என்பார். நான் 'அவன்' என்கிறேன். கதையில் அவனுக்கு முப்பத்திரண்டு வயது. எனக்கும் அதுதான்.]

3

அவன் மனைவி அழகம்மாவை முதல் பிரதியில் வாயாடியாக எழுதினேன். புருஷனைப் பிடுங்கித் தின்னும் பெண். அப்படி எழுதினால் குற்றத்தை அவள் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம். ஐந்து பக்கம் எழுதிய பிறகு கிழித்துப்போட்டேன்.

இப்போது எழுதுவது இது. அழகம்மாவின் அண்ணன் இராமையா அதே தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணி. அவனிடம் வெள்ளைக்காரத் துரை கொடுத்த கறுப்புக் கோட்டு இருந்தது. கதவு வைத்த தனி வீடு இருந்தது. ஒரு மழை மாதத்தில் இரண்டு வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒரே காய்ச்சல் வந்தது. கங்காணி வீட்டுக்குத் துரை பங்களாவிலிருந்து மருந்து வந்தது. லயத்து வரிசையில் காளிமுத்துவின் ஒற்றை அறைக் காம்பராவுக்கு வரவில்லை. குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது.

அடுத்த குழந்தை வயிற்றில் தங்கியபோது அழகம்மா பேசினாள்.

"எங்கண்ணன் இருபது பேரக் கொண்டாந்தாரு, கங்காணி ஆனாரு. நீங்க களத்துல கொட்டையப் பரப்பிக்கிட்டே இருங்க."

"ஊருக்குப் போயி ஆள் சேக்குறவன் பொய் சொல்லணும் புள்ள."

"சொல்லுங்க."

"பஞ்சத்துல கெடக்குற சனம். பொய்னு தெரியாம நம்பிடும்."

"நீங்க நல்லவருதான். நல்லவரு வீட்டுக்கு மருந்து குடுத்தனுப்புறாங்களா?"

காளிமுத்து மச்சானின் கோட்டை இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான்.

4

அது தாது வருஷப் பஞ்சம். ஊரில் மாடுகள் செத்து, நாய்கள் செத்து, பிறகு மனிதர்கள். கோட்டுப் போட்டு வந்த காளிமுத்துவை அவனுடைய அப்பாவுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் அழுதார். பிறகு தெருவெல்லாம் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். "எம்மவன் கங்காணி," என்றார். இன்னும் ஆகவில்லை என்று அவன் சொல்லவில்லை.

"அங்க இருவது வருசத்துக்கு வேல இருக்கு," என்று ஊராரிடம் சொன்னான். தோட்டத்தைவிட்டுப் புறப்படும்போதே கோப்பி இலைகளின் அடியில் நோயின் மஞ்சள் தூள் படிந்திருந்ததைப் பார்த்திருந்தான். இலை கொட்டிய செடிகள் காய்க்கவில்லை என்பதும் தெரியும்.

[நான்கு வருஷத்தில் அந்தத் தோட்டத்தை மூடினார்கள். வந்த பன்னிரண்டு பேரும் பிறகு எங்கே போனார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.]

அவனுடைய தங்கை ராக்கம்மாவுக்குப் புருஷன் செத்து இரண்டு மாதம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணே, நீ அங்க நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்."

"அப்ப நானும் வாரேன்."

அவளோடு பத்தொன்பது.

5

தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கினார்கள். பிறகு காட்டு வழி. தண்ணீர் கிடைத்த குளமெல்லாம் கலங்கல். வாந்திபேதி பிடித்தது. தம்புள்ளைக்கு வருமுன் ஆறு பேரைப் புதைத்தார்கள். அதற்குப் பிறகு ராக்கம்மா விழுந்தாள்.

அவளால் எழ முடியவில்லை. உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. மற்றவர்கள் பாதையில் நின்றார்கள். போகும் வழியில், மாத்தளையில், வேறு தோட்டத்துக் கங்காணிகள் காத்திருப்பார்கள். தலைவன் இல்லாமல் வரும் கூட்டத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். இது காளிமுத்துவுக்குத் தெரியும். அவர்களைத் தனியே அனுப்பினால் வெறுங்கையோடுதான் ஹந்தானைக்குப் போக வேண்டும்.

"காளிமுத்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். 'நீங்க போங்க' என்று மற்றவர்களிடம்..."

எழுதினேன். படித்துப் பார்த்து அழுதேன். பிறகு கோடு போட்டு அடித்தேன். அவன் அங்கே இருந்திருந்தால் பன்னிரண்டு பேரும் வேறு யாருடைய ஆட்களாகவோ ஆகியிருப்பார்கள். பெரியப்பாவுக்குப் பந்தியில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டான் என்று அடுத்து எழுதினேன். அதையும் அடித்தேன். கோட்டு இராமையாவினுடையது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எனவே மிஞ்சியது இவ்வளவு. மரத்தடியில் அவளைச் சாய்த்தான். சுரைக்குடுக்கையில் தண்ணீர் வைத்தான்.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள வந்துருவியா?"

"வந்துருவேன்."

"கோட்டு ஒனக்கு நல்லா இருக்கு," என்றாள்.

[இந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகச் சொன்னாள். எடுத்துவிட மூன்று முறை முயன்றேன்.]

அவன் பாதைக்கு வந்து, முன்னால் நடந்தான்.

6

துரை பன்னிரண்டு பேரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, காளிமுத்துவைக் கங்காணி ஆக்கினார். கதவு வைத்த வீடு கிடைத்தது. அழகம்மா கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தாள்.

"ராக்குவும் வருவான்னு நெனச்சேனே?"

"ஊரவிட்டு வரமாட்டேன்னுட்டா," என்றான்.

வந்த பன்னிரண்டு பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் காலையில் அவர்கள் பெயரைக் கூப்பிடுபவன் அவன்தான்; யாருக்கு எந்த வேலை என்று சொல்பவனும் அவன்தான். ஆகவே வாயை மூடிக்கொண்டார்கள். கங்காணி ஆனதில் அவனுக்குக் கிடைத்த முதல் சம்பளம் அந்த மௌனம் என்று எழுதி, கொஞ்சம் அழகாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டேன். இருக்கட்டும், விட்டுவிடுகிறேன்.

7

முடிவுக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தவை இரண்டு. இரண்டும் பீலிக்கரையில், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில்.

அழகம்மா நிறைமாதம். பக்கத்தில் மூக்காயி, வந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி. ஊரிலிருந்து கடைசிவரை ராக்கம்மாவின் கையைப் பிடித்து நடந்தவள் இவள். அழகம்மாவுக்கு அது தெரியாது. பேச்சுக்குக் கேட்கிறாள்:

"ஏன் அக்கா, ஊர்ல எங்க நாத்தனா எப்படி இருக்கா?"

ஒரு முடிவில் மூக்காயி, "நல்லா இருக்கு தாயி," என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அழகம்மா கடைசிவரை பெருமையோடு வாழ்கிறாள். அந்தப் பெருமை பிள்ளைகள் வழியாக இறங்கிப் பெரியப்பா வரை வருகிறது.

மற்றதில் மூக்காயி சொல்லிவிடுகிறாள். அழகம்மா கதவைச் சாத்திக்கொண்டு... இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. பொய்யைச் 'சொல்லுங்க' என்று அன்றைக்குச் சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்கு நினைவு வரும். அதை அவளுக்குச் செய்ய எனக்கு என்ன உரிமை?

அப்பாவிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். "ரெண்டும் வேணாம்பா," என்றார். "எழுதுறதுனா வேற எதாச்சும் எழுதேன்."

ஆகவே அவர்களை அப்படியே நிறுத்திவிட்டு நான் விலகுகிறேன். அழகம்மா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறாள். மூக்காயி திரும்பிப் பார்க்கிறாள். மேட்டில் காளிமுத்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டான். அடுத்தது மூக்காயியின் பெயர். அதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அழகம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.