கையில் சுற்றிய கயிறு

ஸ்ரீவைகுண்டத்தில் அறிவியல் ஆசிரியர் திருஞானசம்பந்தத்தின் வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்தே ரகளை. கொழும்பில் கிரிக்கெட். இலங்கைச் சானல் தெரிவதற்கென்றே மாடியில் உயரமாக ஆன்டெனா நட்டிருந்தார். ஆனால் முற்றத்து வேம்பின் கிளை ஒன்று மேல்காற்றில் வந்து வந்து அதை இடித்தது. இடிக்கும்போதெல்லாம் டிவியில் பந்து போடுகிறவன் இரண்டு பேராகத் தெரிந்தான்.

சார் ரம்பத்தையும் தேங்காய்நார்க் கயிற்றையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

“மரம் வெட்டுத பூதத்தான் நாளைக்கு வந்து வெட்டுதேன்னு சொல்லியிருக்கானே. ஒருநாள் பொறுக்கக் கூடாதாங்க?” என்றாள் மனைவி ஆவுடையம்மாள்.

“நாளைக்கு மேட்ச் முடிஞ்சிரும். கப்பி, நெம்புகோல் எல்லாம் பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கேன். ஒரு கிளையை இறக்கத் தெரியாதா எனக்கு?”

கரும்பலகையில் அவர் வரைகிற மரம் எப்போதும் அவர் சொன்ன பக்கம்தான் விழும். அந்தத் தைரியத்தில் ஏணியைச் சாத்தி ஏறினார். கிளையின் நடுவில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கீழே போட்டார். கிளை மாடிப் பக்கம் சாயாமல் ஆவுடையம்மாள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

“கயிறு நழுவுதுங்க. பயமா இருக்கு.”

“கையில ரெண்டு சுத்து சுத்திக்கோ. நழுவாது.”

அவள் சுற்றிக்கொண்டாள். பாதி அறுப்பதற்குள் கிளை பிளந்துகொண்டு, அவர் நினைக்காத பக்கம் விழுந்தது. கயிறு விறைத்தது. விட்டுவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாலும் கை விடுபடவில்லை. மதில் வரைக்கும் அவளைத் தரையோடு இழுத்துப் போய்த்தான் கிளை நின்றது. தெருவே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்படிம்மா ஆச்சு?” என்று அவளைத்தான் கேட்டார். சார் முந்திக்கொண்டார்.

“தண்ணி இறைக்கும்போது வழுக்கிட்டா சார். கிணத்துக் கயித்துல கை மாட்டிக்கிட்டு.”

ஆவுடையம்மாள் வலியோடு அவரைத் திரும்பிப் பார்த்தாள். நசுங்கிப் போன வலது கைக் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த கை அது. இனி அந்தக் கையால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது.

வீடு திரும்பியதும் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். தைக்கக் கொடுத்த துணிகளைத் தயங்கித் தயங்கித் திரும்ப வாங்கிப் போனார்கள். போகும்போது, பார்த்து நடந்திருக்கலாமே என்று ஆளுக்கொரு புத்தியும் சொன்னார்கள். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த சாரின் அக்கா காமாக்ஷி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

“ஏளா, ஒனக்கென்ன கோட்டியா? கயித்தைக் கையில சுத்திக்கிட்டா ஒருத்தி தண்ணி இறைப்பா? இத்தனை வயசுக்கு இதுகூடவா தெரியாது?”

“தெரியாமப் போச்சு மதினி” என்றாள் ஆவுடையம்மாள்.

காபி டம்ளரோடு வந்த சார் அப்படியே நின்றுவிட்டார். அக்கா திட்டிய ஒவ்வொரு சொல்லும் அவருக்குச் சேர வேண்டியது. கூசியது. ஆனால், மனைவியின் விரலைப் போக்கிய சயன்ஸ் சார் என்று பள்ளிக்கூடத்தில் பேசுவார்களே என்ற பயம் அந்தக் கூச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அப்பாத்துரை வந்தான். வேம்பில் கிளை போன இடத்தை அண்ணாந்து பார்த்தான்.

“தனியாளா வெட்டி இறக்கிட்டீகளே சார்வாள்! எங்க வீட்டுப் புளியமரக் கொப்பும் ஓட்டு மேல சாஞ்சு கெடக்கு. அந்த ரம்பத்தையும் கயித்தையும் குடுங்க. நீங்க வெட்டும்போது நான் வெட்ட மாட்டனா? கயித்தைப் பிடிக்கச் சுகன்யா இருக்கா.”

சுகன்யா அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சார் ஆணியில் தொங்கிய ரம்பத்தை எடுத்தார். எடுத்தவருக்குக் கை நீளவில்லை.

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த ஆவுடையம்மாளின் குரல் நிதானமாக வந்தது.

“குடுத்து விடுங்க. சுகன்யாவைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கச் சொல்லணும்னு மறக்காமச் சொல்லி விடுங்க.”

அப்பாத்துரைக்குப் புரியவில்லை. சாருக்குப் புரிந்தது. ரம்பத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவ கிணத்தடியில விழலைடே. கயித்தை அவ கையில குடுத்தவன் நான். சுத்திக்கச் சொன்னவனும் நான். கிளை வேற பக்கமா விழுந்து அவளை இழுத்துட்டுப் போச்சு. கயித்தைக் கையில சுத்தக் கூடாதுன்னு ஊரே அவளை ஏசுது. நான் வாயைத் திறக்கலை.”

அப்பாத்துரை கதவோரம் ஒண்டி நின்றான். கட்டுப் போட்ட அந்தக் கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தான்.

“நம்ம வீட்டு மரம்தானன்னு நாமளே ஏறக் கூடாதுடே” என்றார் சார். “வெட்டுன கொப்பு எந்தப் பக்கம் வரும்னு அந்தத் தொழில் செய்யுதவனே பயந்து பயந்துதான் பாப்பான். ஒருநாள் பொறுக்க முடியாம ஆயுசுக்கும் அவ கையைக் கெடுத்துட்டேன். பூதத்தானைக் கூப்பிடு. அவன் எப்ப வாரானோ வரட்டும். அதுவரைக்கும் கொப்பு கெடக்கட்டும். சுகன்யாவை அந்தப் பக்கம் விடாத.”

“சரி சார்வாள்” என்று முணுமுணுத்துவிட்டு அப்பாத்துரை வெறுங்கையோடு இறங்கிப் போனான்.

சார் உள்ளே வந்து கட்டிலருகில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை.

“என்னை மன்னிச்சிரு ஆவுடை.”

“விரல் போனதுகூடப் பொறுத்துக்கிட்டேங்க” என்றாள் அவள். “வாரவுக எல்லாம் என்னை ஏச, நீங்க கேட்டுக்கிட்டே நின்னீகளே, அதான் பொறுக்கலை. சாயங்காலம் மதினி மறுபடியும் வருவாக. அப்பாத்துரைகிட்டச் சொன்னதை, அவுக என்னை ஏசுததுக்கு முந்தி அவுககிட்டயும் சொல்லிருங்க.”