ரீசெட் செய்வதற்கு முன் அந்த ஏழு பேருக்கு

1

அந்த ஏழு பேருக்கு வணக்கம்.

நான் அப்படி அடிக்கவில்லை. 'வாச-கர்களுக்கு வணக்கம்' என்றுதான் அடித்தேன். (நடுவில் கோடு போட்டால்தான் அந்தச் சொல் உயிரோடு தப்பிக்கிறது. சேர்த்து அடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டினால், லேப்டாப் அதை அழித்துவிட்டு 'அந்த ஏழு பேருக்கு' என்று போட்டுவிடும்.) இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தது என் மனைவி ஜோதி.* ஜோதி இப்போது இல்லை. லேப்டாப் இருக்கிறது, ஏதோ இருக்கிறது. அதை ரீசெட் செய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கத் தெரியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதை பிறந்த கதை இவ்வளவுதான். பெரிய ஆட்களுக்குக் காசியிலும் இமயத்திலும் கதை பிறக்கிறது. எனக்கு, உறைந்துபோன திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பிறந்தது.

* வேற்றுமை உருபு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டு வைத்திருக்கிறாள். ரயில்வே ஊழியர். ஃபைலில் ஓட்டை விடமாட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பொன்மலை ரயில்வே குடியிருப்பில், பழைய மடிக்கணினியின் முன் நவநீதன் அமர்ந்தபோது, காலம் அவனுக்குள்"

விட்டுவிட்டேன். காலம் ஒருவனுக்குள் போய் என்ன செய்யப்போகிறது?

நவநீதன் மேலேயே எனக்குச் சந்தேகம். ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவன். ஓடாததைக் கண்டால் கழற்றிப் போட்டு மாட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. இரண்டாம் பத்தியிலேயே ரீசெட் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நல்ல மனுஷன். கதைக்கு உதவமாட்டான்.

ஆகவே நானே வருகிறேன். ஐம்பத்தைந்து வயது, பத்திரிகைகளில் நையாண்டி எழுதுகிறவன். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன் என்றதும் பெருமாளுக்குப் பக்கத்து வீடு என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். நான் இருப்பது பெருமாளுக்கே வழி தெரியாத சந்து. அங்கே, மாடி போர்ஷனில், ஆன் செய்துவிட்டுக் குளித்து, துணி அலசி, காயப்போட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு லேப்டாப். எழுத்துகள் காவிரிப் பாலத்து டிராஃபிக் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும்.

3

முன்பெல்லாம் நான் நடந்துகொண்டே சொல்வேன். ஆபீஸ் விட்டு வந்த ஜோதி அடிப்பாள்.

"'மானு-டத்தின் இருண்ட பக்கங்களை...' அடிச்சிட்டியா?"

"அடிச்சேன். ஏங்க, இது குப்பை வண்டியப் பத்தின கட்டுரைதானே?"

"ஆமா."

"வண்டி பகல்லதானே வருது? எங்கேர்ந்து வந்துச்சு இருண்ட பக்கம்?"

"நீ அடிம்மா. வாச-கர்களுக்குப் புரியும்."

"யாரு, அந்த ஏழு பேருக்கா? அதுல ஒருத்தர் ப்ரூஃப் பாக்கறவரு. இன்னொருத்தி நானு. அவருக்காவது சம்பளம் உண்டு."

மறுநாளிலிருந்து லேப்டாப்பும் அவள் கட்சி. எங்கள் பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு: ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்று தானாக விழும்படி சொல்லி வைக்கலாம். 'மானு-டம்' என்று அடித்தால் 'நம்ம தெரு' என்று விழுந்தது. 'படைப்-பாளி' என்றால் 'வீட்ல இருக்கிறவர்'. ஒரு விருதுக்கு 'ஏற்பு-ரை' எழுதப்போனேன். 'சால்வைய மடிச்சு வைங்க' என்றது திரை.

ஊரார் பலூனைக் குத்துவது என் தொழில். என் பலூனுக்கு வீட்டிலேயே ஊசி இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை கத்துவேன். அடுத்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

(அந்தச் சத்தத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். வெள்ளிமணி, கொலுசு எல்லாம் வந்தன. எடுத்துவிட்டேன். அவள் சிரிப்பு உண்மையில் பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும்.)

4

கடைசி வருஷம் தில்லை நகரில் ஒரு கிளினிக்குக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். டோக்கன் வாங்கிவிட்டு ஹாலில் காத்திருப்போம்.

"லேப்டாப்பக் குடுங்க, போரடிக்குது. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க."

"சீட்டு விளையாடப் போறியா?"

"ஆமா, எங்க டாக்டரோட. போங்க."

சீட்டுதான் விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து, ஒரு தலைவர் காலமானதைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். 'மர-ணம்' என்று அடித்தேன். காலமெல்லாம் எந்த மாற்றமும் இல்லாமல் வந்த சொல். ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் 'ட்ரான்ஸ்ஃபர்' என்று மாறியது.

ரயில்வே வீட்டில் அதைவிடக் கெட்ட சொல் கிடையாது. ஆனால் அதற்கு ஆர்டர் உண்டு, போய்ச் சேர அவகாசம் உண்டு, போன இடத்தில் குவார்ட்டர்ஸ் உண்டு. குடும்பம் பின்னால் வந்து சேரலாம்.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் அழகாக அழுதிருந்தேன்.

ஆக, அந்த ஹாலில் உட்கார்ந்து அவள் செய்த வேலை இது. எத்தனை சொற்களுக்குக் கீழே என்னென்ன வைத்திருக்கிறாள்? தெரியாது. அதற்குப் பிறகு ஒரு சமையல் கட்டுரையில் 'உப்-பு' என்று அடித்தேன். 'டாக்டர் என்ன சொன்னாரு?' என்றது. அன்று ரசத்தை அப்படியே சப்பென்று குடித்தேன்.

அப்போதிலிருந்து நான் எழுதுவது இலக்கியமில்லை. துழாவல். சம்பந்தமில்லாத தலைப்புகளை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், புதுச்சொற்கள் வருமே என்று. என் எழுத்தின் வீச்சு விரிந்துவிட்டதாக ஒரு விமர்சகர் எழுதியிருக்கிறார். பாவம்.

5

போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, அப்புறம் ஆட்டோ பிடித்து, தில்லை நகரில் தஸ்லிமா நடத்தும் சர்வீஸ் கடைக்குப் போனேன். கிளினிக் இருக்கும் அதே தெரு. எதிர்ப்பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

"சார், இது லேப்டாப்பா, அம்மிக்கல்லா?"

"ஓடுமாம்மா?"

"டிஸ்க் போகுது சார். ரீசெட் பண்ணி எல்லாத்தையும் புதுசா ஏத்தினா இன்னும் கொஞ்ச காலம் ஓடும். இல்லன்னா என்னைக்கு வேணாலும் நின்னுடும். உங்க ஃபைலெல்லாம் பென்டிரைவ்ல எடுத்துத் தரேன்."

"தமிழ் டைப்பிங்?"

"அதை மறுபடி ஏத்த முடியாது சார். செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. டிஸ்க்க அப்படியே காப்பி எடுக்கவும் பாத்தேன், பாதியில நின்னுடுச்சு. ஆமா, உள்ள சொல்லு மாத்துற லிஸ்ட்டு ஒண்ணு இருக்கே, வேணும்னா அதைத் திறந்து மொத்தமா போட்டோ எடுத்துக்கலாம். திறக்கவா?"

"வேணாம்!"

சார்ஜர் வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் சார், ரகசியம் ஏதும் இருக்கா?"

"சம்சாரம் போட்டு வச்சது. இப்ப இல்ல. நான் இன்னும் முழுசாப் பாக்கல."

மௌஸிலிருந்து கையை எடுத்தாள். "பாத்துடலாமே சார்?"

"பாத்துட்டா முடிஞ்சிடும்ல."

தஸ்லிமா லேப்டாப்பை மூடி என் பக்கம் தள்ளினாள். "யோசிச்சிட்டு வாங்க. ஆனா சார், நீங்க யோசிக்கிற வேகத்துக்கு இந்த லேப்டாப்பே தேவலாம்போல."

ஜோதிக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கும்.

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ) ரீசெட் செய்துவிடுகிறேன். லேப்டாப் பறக்கிறது. படைப்-பாளி படைப்-பாளியாகவே நிற்கிறான். மானு-டம் மானு-டமாகவே. குறுக்கே யாரும் பேசுவதில்லை. எனக்குப் பெரிய விருதுகூடக் கிடைக்கலாம்.

ஆ) லிஸ்ட்டைத் திறந்து ஒரே மூச்சில் படிக்கிறேன். வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். அப்புறம் அவளுக்கு என்னிடம் சொல்ல எதுவும் பாக்கி இல்லை.

இ) பெங்களூரிலிருந்து மகள் தேவதர்ஷினி போனில் சொன்னது: "புதுசு வாங்கிக்கங்கப்பா. பழசை பீரோல பத்திரமா வைங்க." வைக்கலாம். தட்டாத லேப்டாப் பதில் பேசாது, அவ்வளவுதான். மாலை போட்ட படம் ஏற்கெனவே ஒன்று சுவரில் இருக்கிறது. அதுவும் பதில் பேசுவதில்லை.

ஈ) நவநீதன் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து,

இல்லை. அவனை விடுங்கள்.

7

இவ்வளவு நேரமும் ஒரு சொல்லைத் தொடாமல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். முன்பு கேலிக்காகத் தொடவில்லை. வாடகை கட்டத் தெரியாத கவிஞர்கள் பயன்படுத்தும் சொல் என்று மேடையிலேயே சொல்லியிருக்கிறேன். ஜோதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை. இப்போது பயத்தினால் தொடவில்லை.

ஒருநாள் நான் இந்தச் சொல்லுக்கு வந்து சேருவேன் என்று அந்த ஹாலில் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஏதாவது வைத்திருந்தால் இதன் கீழேதான் வைத்திருப்பாள். ஒருவேளை எதுவும் வைக்காமல், இதை மட்டும் இருக்கிறபடியே விட்டுப் போயிருந்தால்? அதை என்னால் பார்க்க முடியாது.

ரீசெட் செய்வதா என்பதை இந்தச் சொல்தான் முடிவு செய்யும். நடுவில் கோடு போட்டுத் தப்பிக்கலாம். இதற்கு அது வேண்டாம்.

சேர்த்தே அடிக்கிறேன். ஸ்பேஸ் பாரைத் தட்டினால்தான் மாறும், அல்லது ஒரு புள்ளி வைத்தால். இரண்டையும் செய்யாமல் கையை எடுத்துக்கொள்கிறேன். ஏழு பேரில் யாராவது ஒருவர் தட்டிப் பாருங்கள். நான் பால்கனியில் நிற்கிறேன். சிரிப்பு வந்தால் கொஞ்சம் சத்தமாகவே சிரியுங்கள், எனக்குக் கேட்கட்டும்.

எழுத்துகள் மெதுவாக வருகின்றன.

தனிமை