குரோமைட்டுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி

சுரங்கத்தில் குரோமியம் எடுக்கும் தாதுவான குரோமைட் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்து மேலேறி வந்த பாறை அது. அதில் பிளாட்டினக் குடும்பத்துத் தாதுக்களும் இருந்தால் சுரங்கத்தை மூட வேண்டாம் என்று கம்பெனி நினைத்தது. மாதிரிகள் அவளுடைய லேபுக்கு வந்தன. கல்லை அரைத்து, பிசினில் உறையவைத்து, வில்லையாக மெருகேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. அவளுடைய அண்ணன் அதே சுரங்கத்தில்தான் துளை போடும் மெஷின் ஓட்டினான்.

முதல் வில்லைகளிலேயே, சாம்பல் நிறக் குரோமைட் துகள்களுக்கு நடுவில் பிளாட்டினத் தாதுவின் அடையாளமாக ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. கம்பெனியின் புவியியலாளர் துள்ளிக் குதிக்காத குறை. அன்று மாலையே சேதி அண்ணன் காதுக்கும் போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் அவளுக்கு உறைத்தது. எல்லாப் புள்ளிகளும் பிசினில் தனியாகக் கிடந்தன. குரோமைட்டுக்குள் ஒன்றுகூட இல்லை. முந்தின வாரம், மாதிரிகளை அரைத்த அதே கிண்ணத்தில் வேறு ஊர்ப் பிளாட்டினக் கல்லை அரைத்திருந்தார்கள். அன்று அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். மூன்று தடவை கழுவ வேண்டிய கிண்ணத்தை, கை ஓய்ந்துபோய், ஒரே தடவை கழுவிக் கவிழ்த்தவள் அவளேதான்.

புள்ளிகள் அந்தக் கல்லின் மிச்சம்தான் என்று புவியியலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதும்மா."

"அடுத்த லேப்ல தெரிஞ்சிரும் சார்."

இந்தத் தடவை கல்லை அரைக்கவில்லை. கட்டி கட்டியாக அறுத்து, பன்னிரண்டு நாளில் நாற்பது வில்லைகள் மெருகேற்றினாள். கழுத்து பிடித்துக்கொண்டது. முப்பத்தேழாவது வில்லையில் ஒரு புள்ளி, குரோமைட்டுக்குள்ளேயே, அசல். தலைமுடி கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பிரித்தெடுக்க எந்த ஆலைக்கும் கட்டுப்படியாகாது.

இரண்டு மாதத்தில் சுரங்கத்தை மூடுவதாக அறிவிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த அண்ணன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தான். அவள் கிண்ணத்தின் கதையை ஒளிக்காமல் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏதாச்சும் திட்டேன்ணா."

"திட்டறதுக்கும் தெம்பு வேணுமே. விடு, உன் புண்ணியத்துல கொஞ்ச நாள் நல்லாத் தூங்கினேன்."

மறுவாரம் விடுப்பு நாளில், அந்த அசல் புள்ளியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அண்ணன் லேபுக்கு வந்தான். அவள் முப்பத்தேழாவது வில்லையை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, குமிழைத் திருகிக் காட்டினாள். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இதுவா?"

"இதான்."

"இத்தனை வருஷமா இதையுமா லாரி லாரியா ஏத்தி அனுப்பினோம்?"

"ஆமாண்ணா."

சிரிக்க ஆரம்பித்தவனுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.