ஆக்டோபஸ் நாற்காலி

"கீழ்க் கையத் தொடாதடா. மேல் கைய மட்டும் அறு, போதும்" என்றாள் அக்கா.

தம்பி ரம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான். பஸ் ஓட்டுகிற கைக்கு ரம்பம் பிடிபடவில்லை. எதிரே, எட்டு மரக்கைகள் கொண்ட நாற்காலிக்குள் அவளுடைய கணவர் தலை சாய்ந்து இறந்துகிடந்தார். மாரடைப்பு என்று சொன்ன டாக்டர், போகும்போது அந்தக் கைகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அந்த வீட்டில் ஒழுங்கான நாற்காலி என்று ஒன்று கிடையாது. ஒன்று வாத்துக் காலில் நிற்கும், ஒன்று உட்கார்ந்தவரை முழுங்கும். அலமாரி கொட்டாவி விடும். ஒட்டகக் கட்டிலில் படுத்த விருந்தாளி ஒருவர் விடிவதற்குள் மூன்று முறை கீழே வந்து சேர்ந்தார்; நான்காம் முறை ஏறவே இல்லை. இத்தனையும் செய்த கணவர் ஊருக்குக் கோணல் மாஸ்டர். அந்தப் பெயரில் அவருக்குப் பட்டம் கிடைத்த பெருமை.

ஒட்டிய பசை காயும்வரை நாற்காலிக் கைகளை இழுத்துப் பிடிக்க, தானே உள்ளே உட்கார்ந்துவிடுவார். "மரத்த இறுக்கிப் பிடிக்க என்னைவிட நல்ல கிளாம்ப் எந்தக் கடையில இருக்கு?" என்பார். காய்ந்ததும் மாட்டிக்கொண்டு கூரை பறக்கிற மாதிரிக் கத்துவார். அவள் ஓடிப்போய், திட்டிக்கொண்டே உருவி எடுப்பாள். சட்டை பாதி நாற்காலியோடு போகும்.

இன்று மதியமும் கத்தினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கிடக்கட்டும், அப்பத்தான் புத்தி வரும் என்று நினைத்து ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தாள். இரண்டாவது குரல் மெலிதாகக் கேட்டது. மூன்றாவது வரவில்லை. தூங்கிவிட்டார் என்று எண்ணி, டீ போட்டு எடுத்துக்கொண்டுதான் போனாள்.

தம்பி மேல் கையில் ரம்பத்தை வைக்குமுன், வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் மகள் ஓடிவந்தாள். அப்பாவின் முகத்தைத் தொட்டாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"அப்பா உன்னக் கூப்பிடவே இல்லையாம்மா?"

அக்கா ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனாடி?"

"மாமா கூப்பிட்டா நாலு தெரு தள்ளி என் பஸ்ஸே நிக்கும்" என்றான் தம்பி. "சத்தமே இல்லேன்னா, வலி தெரியாமப் போயிருக்கார். அதுவும் ஒரு கொடுப்பினைதான்."

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா மாமா. தூக்கத்துலயே போயிட்டாருல்ல?" என்று அழுதாள். அழுகையில் ஓர் ஆறுதல் இருந்தது.

அக்கா தம்பியிடமிருந்து ரம்பத்தை வாங்கினாள். மேல் கையை அறுத்தாள். கடைசி இழுப்பில் மரம் முறிய, அவருடைய தலை அவள் தோளில் வந்து விழுந்தது. கனமாக இருந்தது. தம்பியும் மகளும் அவரைத் தூக்கிப்போய்ப் பட்டறை மேசையில் கிடத்தினார்கள். வளையாத பலகை வீட்டில் அது ஒன்றுதான்.

மறுபடி ரம்பச் சத்தம் கேட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா அடுத்த கையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா. அப்பாவ எடுத்தாச்சு."

அது முறிந்து விழுந்தது. அவள் மூன்றாவது கையில் ரம்பத்தை வைத்தாள்.

"அக்கா, விடுக்கா..."

மரத்தூள் காலி இருக்கையில் உதிர்ந்துகொண்டே இருந்தது.