அடையாளமிடாத இரண்டு பெட்டிகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. என்னோடு சுவர் பூசும் கஸ்பர் அண்ணையுடையது. அவர் என்னிடம் கேட்டது ஆலோசனை. சொல்லத் தெரியாததால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘லண்டன் மழையில் நனைந்தபடி கஸ்பர் தன் கனவு வீட்டை…’ வெட்டிவிட்டேன். அண்ணைக்குக் கனவு இல்லை. முழங்கால் வலி இருக்கிறது. மாத முடிவில் வாடகை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிக் கடிதமும் வந்திருக்கிறது.

2

கிழக்கு லண்டனில், பார்க்கிங் (Barking) என்ற ஊரில், கல்யாணசுந்தரம் என்பவரின் வீட்டை அண்ணை வாங்கப் போகிறார். வீடு கைமாறும் பத்திரத்தில் விற்பவர் அடையாளமிட இரண்டு பெட்டிகள் உண்டு. முதலாவது முழு உத்தரவாதம்: விற்க எனக்கு உரிமை உண்டு, நான் சொல்லாத பங்கு எவருக்கும் இல்லை, அப்படி எவராவது கிளம்பினால் நான் பொறுப்பு. இரண்டாவது குறைந்தது: என் காலத்தில் நடந்ததற்கு மட்டும் பொறுப்பு. இரண்டையும் வெறுமையாக விடலாம். அதன் பொருள்: இந்தா வீடு, இனி உன் பாடு.

கல்யாணசுந்தரம் இரண்டையும் வெறுமையாக விட்டிருந்தார்.

(சுவர் பூசுகிற நானே ஆறு மாதத்துக்குள் பூச்சு வெடித்தால் திரும்பிப் போய்ப் பார்ப்பேன்.)

3

நானும் கஸ்பர் அண்ணையும் போய்க் கேட்டோம்.

“அது லோயர்மாரின்ர விளையாட்டு,” என்றார் கல்யாணசுந்தரம். “எங்கட ஆக்களுக்குள்ள என்ன உத்தரவாதம்? என்ர சொல் காணாதோ?”

“சொல் காணுமெண்டால் ஒரு கோடு போட என்ன கஷ்டம்?” என்றேன்.

“கஸ்பர், இவர் ஆர்? உம்மட லோயரோ?”

“என்னோட பூச்சு வேலை செய்யிறவர், அண்ணை.”

“அப்ப சுவரைப் பாக்கச் சொல்லும்.”

பார்த்தேன். பின்சுவரில் ஈரம். அவர் போன் பேச வாசலுக்குப் போன நேரம், மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். அவருடைய தங்கச்சி, கஜந்தினி.

“அறை வாடகைக்கே வந்தனீங்கள்? முன் அறையை எடுங்கோ. பின் அறை என்ர. பதினெட்டு வருசமா ஈரம்.”

“அக்கா, வீட்டில உங்களுக்கும் பங்கோ?” கஸ்பர் அண்ணையின் குரல் இறங்கியிருந்தது.

“முதல் போட்ட காசே என்ர. அப்ப எனக்கு விசா இல்லை, அண்ணையின்ர பேரில எழுதினது. கூடப் பிறந்தவனிட்ட எழுத்து வாங்கிறதே?”

எங்கள் ஆட்களில் பலர் இங்கே இப்படித்தான் வீடு வாங்கினார்கள். காசு ஒருவருடையது, விசா இன்னொருவருடையது.

4

கல்யாணசுந்தரத்துக்கும் ஏதோ நெருக்கடி இருக்கலாம் என்று ஒரு பந்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன். நானே நம்பவில்லை. அடித்துவிட்டேன். கஜந்தினி பொய் சொல்கிறார் என்றும் ஒரு பந்தி… வேண்டாம். வாடகைக்கு ஆள் வருகிறது என்று நினைத்த முகத்தைப் பார்த்தவன் நான்.

‘வீட்டில் நான் மட்டும்தான் வசிக்கிறேன்’ என்று கல்யாணசுந்தரம் லோயருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

5

முடிவுகள்:

அ. அண்ணை கண்டதைச் சொல்கிறார். விற்பனை நிற்கிறது. அவருடைய மனைவி றோஸ்மலர் அக்கா கட்டி வைத்த பெட்டிகளோடு யாரோ ஒருவரின் வீட்டு முன்னறையில் இருவரும்.

ஆ. சொல்லவில்லை. வீட்டுத் திறப்பு (சாவி) கைக்கு வருகிறது. மாடியில் கஜந்தினி, “நான் ஏன் போகவேணும்?” என்கிறார். சட்டமும் அவர் பக்கம் நிற்கலாம்.

இ. சொல்லவில்லை. திறப்பு வருமுன்பே கஜந்தினியை எங்கேயோ அனுப்பிவிடுகிறார்கள். அண்ணை பின்சுவரைத் தானே பூசுகிறார்.

மூன்றாவதை எழுதும்போது கை தயங்கவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

6

இப்போது, வேலைத் தளத்தில், அண்ணையின் போன் அடிக்கிறது. அவருடைய லோயர். கேட்கப் போவது ஒரே கேள்வி: வீட்டில் வேறு யாரையாவது கண்டீர்களா?

“நீ கதைக்கிறியே தம்பி? என்னால ஏலாது.”

கையெல்லாம் சாந்து என்று சாக்குச் சொல்லிவிட்டேன். இதை வாசிக்கிற உங்கள் கை சுத்தமாகத்தானே இருக்கிறது.

எடுங்கள்.