மஞ்சள் குளித்த ஓலை

கணக்கப்பிள்ளை சிவசாமி ஓலையை வெயிலுக்கு நேரே பிடித்தார். சாய்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தார். எதிரே அங்கமுத்து நின்றான். தாத்தா கப்பலேறும்போது இடுப்பில் செருகிக்கொண்டு வந்த ஒற்றை ஓலை அது. குலசாமியின் பேர் அதில் இருக்கிறது என்று சொன்னவர், என்ன பேர் என்று சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்கும் எழுத்து தெரியாது, அங்கமுத்துவுக்கும் தெரியாது. மலாயாவின் பத்து பெரண்டாம் ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் அந்த ஓலையேதான் சாமி. பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சந்தனம் வைத்து, துணியில் சுற்றித் தகரப்பெட்டியில் வைப்பார்கள். படிக்க வேண்டிய சாமியைக் கும்பிட்டே தீர்த்திருந்தார்கள்.

அங்கமுத்துவின் முதல் இரண்டு பிள்ளைகளும் நடை பழகுமுன்பே போய்விட்டன. முடியிறக்காத கோபத்தில் குலசாமிதான் எடுத்துக்கொண்டது என்று லயமே பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூன்றாவது பெண். இப்போது மனைவி காளியம்மாவின் தோளில் தூங்குகிறது. மொட்டையடிக்க வேண்டும். யார் பேரில்? அதைக் கேட்கத்தான் ரப்பர் விலை விழுந்த அந்த வருஷத்தில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மலாக்கா டவுன் மளிகைக்கடைக் கணக்கப்பிள்ளையைத் தேடி வந்திருந்தார்கள்.

"எழுத்தெல்லாம் கழுவிட்டீங்களேப்பா," என்றார் சிவசாமி.

"சாமியக் குளிப்பாட்டுறது தப்பாங்கய்யா?" என்றான் அங்கமுத்து.

"மைதான் போயிருக்கு. கீறல் இருக்கும். விளக்குக் கரிய எண்ணெயில கொழச்சுத் தடவினா தெரியும். உங்க சாமி, நீங்களே தடவுங்க." கரியைக் கிண்ணத்தில் குழைத்து நீட்டினார்.

சாமி மேல் கரியா? அங்கமுத்துவுக்குக் கை எழவில்லை.

"தடவுங்க," என்றாள் காளியம்மா. "கோவத்த அது ஏற்கெனவே காட்டிருச்சுலா. இனி என்ன இருக்கு?"

தடவினான். ஓலை முழுக்கக் கறுத்துப்போனது. சிவசாமி துணியால் மெல்லத் துடைத்தார்.

ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுத்து நின்றது. பொடிப்பொடியாக, வரிவரியாக. எந்தக் காலத்திலோ ஒருவன் உட்கார்ந்து கீறியது, அவன் கையை இப்போதுதான் எடுத்தது போல இருந்தது. அங்கமுத்துவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. படிக்கத் தெரியாது, ஆனால் தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கத்தி வைக்கிறவன். ஆழம் தெரியும்.

"இந்த எடத்துல கை பதறியிருக்குங்கய்யா," என்று விரல் வைத்தான். "அழுத்தி உள்ள போயிருச்சு."

புள்ளி வைக்காத பழைய எழுத்து. சிவசாமி கூட்டிக் கூட்டிப் படித்தார். "என் மகள் முத்தாயி... மூன்று வயதில் அம்மை கண்டு போனாள்... அவளை வீட்டுச் சாமியாக வைத்தோம்... இனிப் பிறக்கும் பிள்ளைகளின் முதல் முடி அவளுக்கு."

கை பதறிய இடம் அந்தப் பெயர்.

இரண்டு குழிகளைத் தன் கையால் மூடியவன் அங்கமுத்து. எழுதியவனின் முகம் தனக்குத் தெரியும் என்று தோன்றியது.

"மூணு வயசாய்யா?" என்றாள் காளியம்மா. "இத நெனச்சா நாம பயந்தோம்?"

கிண்ணத்தில் மிச்சமிருந்த கரியைத் தொட்டுத் தூங்கும் பிள்ளையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தாள். பிறகு அதே விரலால், ஓலையில் அந்தப் பேருக்குப் பக்கத்திலும் ஒன்று வைத்தாள்.